புல எண் தெரிந்தால் ஐந்து நிமிடம்: ஒரு சிற்றூரின் பதிவேடுகளைத் தேடிய கணக்கு

தென்காசி மாவட்டத்தின் கரிசல் பகுதியில், எழுபது வீடுகளுக்கு மேல் இல்லாத சிற்றூர் எங்களுடையது. அங்கே தாத்தா பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட் மானாவாரிப் புஞ்சையை அப்பாவும் அத்தைமார் இருவரும் பாகம் பிரித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று, சென்ற ஆண்டு பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியபோது முடிவாயிற்று. அதற்கு வேண்டிய தாள்களைச் சேர்க்கும் பொறுப்பு, கணினி பழகியவன் என்ற ஒரே தகுதியால், என் தலையில் விழுந்தது. தாத்தாவின் இறப்புப் பதிவு, நிலத்தின் பட்டா, கிராமத்து நிலங்களைப் புல எண்வாரியாகப் பதிந்த அ-பதிவேட்டின் நகல், புலப்படம், நிலத்தின் மீது பதிவான ஆவணங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று, 1956இல் அவர் வாங்கிய கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஆகிய ஆறையும் ஒரு வாரத்தில் திரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் நான் பயன்படுத்திய சேவைகளை இங்கே மதிப்பிட்டிருக்கிறேன். சொந்த ஊர்ப் பதிவேடுகளைத் தேடிப் புறப்படும் எவருக்கும் என் அலைச்சலில் பாதியாவது மிச்சமாகலாம்.

சேவைகள் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. புல எண், அதாவது அரசு அளவையில் நிலத்துக்குக் கொடுத்த எண், கையில் இருக்கும் ஒருவருக்கு இன்று தமிழ்நாட்டில் பட்டாவும் புலப்படமும் ஐந்து நிமிட வேலை, அதுவும் செலவில்லாமல். ஆனால் சிற்றூர்களில் நிலத்தை எண்ணால் அறிந்தவர்கள் குறைவு. ஓடைக்கரைப் புஞ்சை, பனையடிப் புஞ்சை, மந்தைக்காடு என்று பெயரால்தான் அறிவார்கள். அந்தப் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற இடம் எந்தச் சேவையின் பட்டியலிலும் இல்லை. என் ஐந்து மாதத்தில் பாதி அந்த எண்ணைத் தேடுவதிலேயே போயிற்று.

முதலில் வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டு இணையதளம். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையுமோ கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டால், பட்டா திரையில் வந்து நிற்கும். அச்சிட்டும் கொள்ளலாம். தாளில் உள்ள குறிப்பு எண்ணைக் கொண்டு அது மெய்யானதுதானா என்று வேறொருவர் அதே தளத்தில் சரிபார்க்கவும் முடியும். நெடுங்காலம் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அப்பாவின் முகத்தில் கண்டேன். மாவட்டம் என்ற முதல் கட்டத்திலேயே ஓர் இடறல் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த பழைய தாள்கள் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம் என்றே சொல்லின. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு திருநெல்வேலி என்ற தலைப்பின் கீழ் எங்கள் ஊரைத் தேடுவது வீண். இதே குழப்பம் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கும், வேலூரிலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கும் நேரும்.

மாவட்டம் சரியானதும் கிராமம் இடறியது. பட்டியலில் எங்கள் ஊரின் பெயரே இல்லை. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை என்பது பின்னால் தெரிந்தது. அந்தப் பட்டியலில் இருப்பவை வருவாய்க் கிராமங்கள். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நான்கைந்து குடியிருப்புகள் அடங்கியிருக்கும்; அவற்றில் ஒன்றின் பெயரே முழுக் கிராமத்துக்கும் வாய்த்திருக்கும், மற்றவை பதிவேட்டில் காணாமல் போயிருக்கும். ஊராட்சி என்பது வேறொரு கணக்கு. மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருக்க, வருவாய்க் கிராமங்கள் 16,000ஐத் தாண்டுகின்றன என்பதிலிருந்தே இரண்டின் எல்லையும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது விளங்கும். குடும்ப அட்டையில் உள்ள ஊர்ப்பெயர், வீட்டு வரி ரசீதில் உள்ள ஊராட்சிப் பெயர், பட்டாவில் உள்ள கிராமப் பெயர் என்று எங்கள் வீட்டிலேயே மூன்று பெயர்கள் கிடைத்தன. தேடலுக்கு உதவியது மூன்றாவது மட்டும்தான்.

அந்த மூன்றாவது பெயரை நான் கண்டது அம்மாவின் தகரப் பெட்டியில், ஒரு தீர்வை (நிலவரி) ரசீதில். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலியில், 1385 என்று அதில் குறித்திருந்தது. பசலி ஆண்டுடன் 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிற கணக்கு என்பதால் அது 1975 ஜூலை முதல் 1976 ஜூன் வரையிலான ரசீது. பட்டா எண் 47 என்று மசி மங்காமல் இருந்தது. இனி என்ன குறை என்று இணையதளத்தில் 47 என்று தட்டினேன். வந்தது வேறொருவர் பெயர், வேறொரு நிலம். பட்டணத்தில் குடியேறிய இடைவெளியில் எவரோ நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று அன்றிரவு வீட்டில் பெரிய கலவரமே நடந்தது. சின்ன அத்தை தொலைபேசியில் அழுதேவிட்டார்.

உண்மையில் எவரும் எதையும் மாற்றவில்லை. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டத்தில், அலுவலக வழக்கில் சொன்னால் யு.டி.ஆரில், மாநிலம் முழுவதும் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏரும் ஆயின. பட்டா எண்கள் மாறின; எங்கள் ஊர் உட்படப் பல கிராமங்களில் புல எண்களும் மாறின. ஆகவே 1987க்கு முந்தைய எந்த ரசீதில் உள்ள பட்டா எண்ணையும் இன்றைய தளத்தில் இடுவதில் பொருளில்லை. எங்கள் ஊரைப் போல முன்பு ஜமீனுக்குக் கட்டுப்பட்டிருந்த கிராமங்களில் இதற்கும் கீழே இன்னோர் அடுக்கு உண்டு. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அவை, உழவர் அரசுக்கே நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி முறைக்கு வந்து அளக்கப்பட்டன. அந்த அளவைக்கு முந்தைய பத்திரங்களில் இருப்பது பைமாஷ் எண், அதாவது ஜமீன் காலத்து நில எண். இப்படி ஒரே புஞ்சைக்குப் பைமாஷ் எண், பழைய சர்வே எண், யு.டி.ஆர். புல எண் என்று மூன்று எண்கள் இருக்க, இணையதளம் மூன்றாவதை மட்டுமே கேட்கிறது, நம் பெட்டியில் இருப்பதோ முதல் இரண்டில் ஒன்று.

தளத்தை நேரடியாகப் பயன்படுத்துவதை விட்டுவிட்டு, அருகிலுள்ள சிறுநகரத்தில் ஒரு தனியார் கணினி மையத்துக்குப் போனது நான் செய்த பெரிய தவறு. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பதிவு அலுவலகம் உள்ள எந்தத் தெருவிலும் இப்படி நான்கு மையங்கள் இருக்கும். "வில்லங்கம்தானே சார், பத்து நிமிஷம்" என்று அங்கிருந்த இளைஞர் உட்கார வைத்தார். பழைய பத்திரத்தின் மங்கிய நிழற்படி ஒன்றில் எண்போலத் தெரிந்ததை அவரே ஊகித்து இட்டு, முப்பது ஆண்டுகளுக்கான தாளை அச்சிட்டுக் கையில் கொடுத்தார். வில்லங்கம் ஏதும் இல்லை என்று அதில் இருந்தது. முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்ட அப்பா, முதல் வரியைத் தாண்டவே இல்லை. எங்கள் கிராமத்தின் பெயர் 'கீழ' என்று தொடங்கும். தாளில் 'மேல' என்று இருந்தது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெயர்களில் தவறானதைச் சொடுக்கியிருக்கிறார். இல்லாத நிலத்துக்கு வில்லங்கமும் இல்லை என்பதில் வியப்பில்லை. அடுத்த நாள் போய்க் கேட்டபோது, கொடுத்த எண்ணுக்குத்தான் எடுத்தோம் என்றார். திரும்ப எடுக்க மறுபடியும் பணம் கேட்டார். இத்தகைய மையங்களைப் பற்றி என் மதிப்பீடு இவ்வளவே: அச்சிடுவதற்குப் போகலாம், தேடுவதற்குப் போகக் கூடாது.

பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டிய வேலைகளுக்கு அரசின் இ-சேவை மையங்கள் இருக்கின்றன. பட்டா மாறுதல் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய், ரசீதோடு. எங்கள் பகுதியில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலேயே ஒன்று இயங்குகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதிவுத் துறையின் இணையதளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல சேவை, ஆனால் அதன் தாளை எப்படிப் படிப்பது என்று தெரியாவிட்டால் ஆபத்தான சேவை. 2018இல் பதிவுத் துறை முழுமையாக இணையவழிக்கு மாறியதிலிருந்து, மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், தேடும் காலம் ஆகியவற்றைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் உள்ளன. பத்திர எண், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சொத்து விவரம், எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒரே தாளில் வருவது, பழைய நாளில் அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டிய எழுத்தர்கள் கனவிலும் நினைத்திராத வசதி.

இந்தத் தேடல், பத்திரத்தில் எந்த எண் எழுதப்பட்டதோ அந்த எண்ணின்படியே நடக்கிறது. 1982இல் எழுதிய பத்திரத்தில் பழைய சர்வே எண் இருந்தால், அது பழைய எண்ணின் கீழேயே கிடக்கும். புதிய புல எண்ணை இட்டுத் தேடுபவர் கண்ணில் அது படாமலே போகலாம். எங்கள் விஷயத்தில் அதுவே நடந்தது. எண்கள் இரண்டும் கிடைத்த பிறகு, புதிய எண்ணுக்குத் தேடியபோது ஒரு பதிவும் இல்லை. பழைய எண்ணுக்குத் தேடியபோது இரண்டு வந்தன: 1978இல் தாத்தா கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த அடமானம் ஒன்று, 1983இல் அதை அடைத்ததற்கான ரசீது ஆவணம் ஒன்று. கடன் தீர்ந்துவிட்டதால் சிக்கலில்லை. தீராமல் இருந்திருந்தால், வில்லங்கமே இல்லை என்ற ஒரு தாளை நம்பிப் பாகப் பத்திரம் எழுதியிருப்போம். நிலம் வாங்குபவர்கள் இரண்டு எண்களுக்கும் தனித்தனியாகச் சான்று கேட்க வேண்டும் என்று அனுபவமுள்ள பத்திர எழுத்தர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் என்பதையும் மறக்கலாகாது. வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகமோ, பதிவு செய்யாத உயிலோ, பட்டாதாரரின் வாரிசுகள் யார் என்பதோ அதில் வராது. சிற்றூர்களில் பாதிப் பாகங்கள் கோயில் வாசலில் பேசி முடித்தவை.

1956ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் நகலுக்கு இணையத்தில் வழி கிடைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கே நேரில் போனோம். அசையாச் சொத்து ஆவணங்கள் படியெடுக்கப்படும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும், கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57ஆம் பிரிவில் சொல்கிறது. நமக்குத் தொடர்பில்லாத சொத்து என்றாலும் தடையில்லை. உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகத்துக்கும், பலவகை ஆவணங்களுக்கான நான்காம் புத்தகத்துக்கும் அந்தத் தாராளம் கிடையாது. முதலில் போன அலுவலகத்தில், 1956இல் உங்கள் கிராமம் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கிராமங்களை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வழக்கமாக நடப்பதுதான். இரண்டாவது அலுவலகத்தில் மூன்று முறை நடந்த பிறகு அட்டவணையில் தாத்தாவின் பெயர் அகப்பட்டது.

நகல் கைக்கு வந்த அன்று, அலுவலக வாசலிலிருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைப் படித்ததை மறக்க முடியாது. படியெடுத்த எழுத்தரின் கையெழுத்து பந்தி பந்தியாக, ஓரிடத்திலும் அடித்தல் இல்லாமல் ஓடியது. விலை முந்நூற்று ஐம்பது ரூபாய். 'பைமாஷ் 318க்கு மால்: ஓடைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, ஊர்ப்பொது மந்தைக்குக் கிழக்கு' என்று மூன்று எல்லைகளைச் சொல்லி, நான்காவதாகப் பக்கத்துக்காரரின் புஞ்சைக்கு மேற்கு என்று முடித்திருந்தார்கள். எண்கள் இரண்டு முறை மாறியும், ஓடையும் வண்டிப்பாதையும் மந்தையும் அங்கேயே இருக்கின்றன. கடைசியில் நிலத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை எண்களைவிட இந்த நான்கு மால்களே.

இறப்புப் பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவுக்குக் கட்டணமில்லை. அதற்கு முன்பும் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்ததால், ஊர்ப் பிறப்பு இறப்புகள் நூறாண்டுக்கு மேலாக எழுதப்பட்டே வந்திருக்கின்றன. கிராமங்களில் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலரே. பழைய ஏடுகள் எங்கள் பகுதியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தன. தாத்தா காலமான தேதியை வைத்துத் தேடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தடுத்த பக்கங்களையும் பாருங்கள் என்று அப்பா விடாமல் மன்றாடியதில், ஏழு வாரம் கழித்துத் தாமதமாகத் தெரிவித்த பதிவாக அது கிடைத்தது. பெயரில் ஒரு ஒற்று குறைவு. ஏடு இறந்த நாளின் வரிசையில் இல்லாமல் பதிவு செய்த நாளின் வரிசையில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பலரது தேடல் ஒரே நாளில் முடியும். கொடுக்கப்பட்ட நகலில் இறப்பின் காரணம் இருக்காது. அதை வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. அதைக் குறையாக எண்ணி யாரும் சண்டை போட வேண்டாம்.

இனி அந்த எண் கிடைத்த கதைக்கு வருகிறேன். கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். இரண்டு முறை பூட்டியிருந்தது. அவர் இன்னொரு கிராமத்துக்கும் கூடுதல் பொறுப்பில் இருந்தார். அதனால் அவரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மூன்றாம் முறை அவர் அகப்பட்டபோது, பழைய எண் தெரியுமா என்று என்னையே கேட்டார். தெரிந்தால் நான் ஏன் வருகிறேன் என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். பரம்பரையாக ஊர்க் கணக்கு எழுதிய கர்ணமும் ஊர் நிர்வாகம் பார்த்த முன்சீப்பும் 1980 நவம்பரில் நீக்கப்படும் வரை, ஊரின் ஒவ்வொரு துண்டு நிலமும் கர்ணத்தின் மனக்கணக்கில் இருந்தது. அந்த முறையில் இருந்த அநியாயங்கள் ஊரறிந்தவை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறிப்போகும் அலுவலருக்கு அந்த அறிவு கைமாறவில்லை என்பதும் உண்மைதான்.

அது கிராம உதவியாளரிடம் இருந்தது. ஊரில் இன்னும் தலையாரி என்றுதான் அவரை அழைக்கிறார்கள். அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அலுவலர் உள்ளே போனதும் என்னைக் கையசைத்து அழைத்தார்.

"தம்பி, நீங்க நம்பர் சொல்லித் தேடுனா எப்பிடிக் கெடைக்கும்? உங்க தாத்தா புஞ்சை ஓடைக்கரைப் புஞ்சை. மேக்க மந்தை வரும்லா? பழைய நூத்திப் பன்னெண்டு அது."

"அண்ணாச்சி, புது நம்பர் என்னன்னு தெரியுமா?"

"புதுசு நமக்கு எதுக்கு? அந்தக் காலத்துல சங்கிலி பிடிச்சு அளந்தப்ப, எங்கப்பா கூட நான் கல்லு சுமந்தேன். நூத்திப் பன்னெண்டுதான்."

பழைய 112 என்ற ஒரு சொல்லுக்காக நான் இரண்டரை மாதம் அலைந்திருந்தேன். பழைய எண்ணிலிருந்து புதியதற்குப் போக ஒரு குறுக்கு வழி இணையதளத்திலேயே உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் விளக்குகிறேன். அ-பதிவேட்டு விவரத்தில், ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அதன் பழைய எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பழையதைக் கொடுத்துப் புதியதைக் கேட்கும் வழி எனக்கு அகப்படவில்லை. ஆனால் புதியதைக் கொடுத்துப் பழையதைப் பார்க்கலாம். பெரிய கிராமமாக இருந்தால் இது நடக்கிற காரியமில்லை. எங்கள் கிராமத்தில் முந்நூறுக்குக் குறைவான புலங்கள்தான். ஊரில் கைப்பேசிக்கு ஓரளவு சமிக்ஞை கிடைக்கிற ஒரே இடமான மேல்நிலைத் தொட்டியின் படிக்கட்டில், இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து, ஒன்று ஒன்றாக எண்களை இட்டுப் பழைய எண் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். பழைய எண்கள் அநேகமாக வரிசையிலேயே நகர்வதால் பத்துப் பத்தாகத் தாண்டலாம் என்பது ஐம்பதைக் கடந்த பிறகு பிடிபட்டது. இரண்டாம் நாள் இருட்டுகிற நேரத்தில் 186/3 எதிரே 112/2 என்று வந்தது. பரப்பு 0.86.50 ஹெக்டேர். மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட். பெயர்க் கட்டத்தில் தாத்தா இருந்தார். அவருடைய தகப்பனார் பெயர் மட்டும் தவறாக இருந்தது.

யு.டி.ஆரில் நேர்ந்த இத்தகைய எழுத்துப் பிழைகளுக்கு மாநிலம் முழுவதும் பேர்போன வரலாறு உண்டு. திருத்தத்துக்குப் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் ஆதாரமாக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டபோது, அந்த ஏடு பழுதாகிவிட்டது, மேலிடத்துக்குப் போயிருக்கிறது, அந்தப் பிரிவு எழுத்தர் விடுப்பில் இருக்கிறார் என்று மூன்று வெவ்வேறு நாளில் மூன்று விடைகள் கிடைத்தன. நான்காம் நாள் போகவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவஞ்சலில் அனுப்பினேன்.

பலர் இந்த மனுவைப் புகார்க் கடிதம்போல எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏன் தரவில்லை, யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டால் விடை வராது, வந்தாலும் பயன்படாது. நான் கேட்டவை இரண்டே. குறிப்பிட்ட கிராமத்தின் பழைய சர்வே எண் 112க்கும் புதிய புல எண் 186க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் சான்றிட்ட நகல், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டில் 112/2 உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல். ஏடு வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்தேன். 30 நாளுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். தவறினால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. எனக்கு மேல்முறையீடு தேவைப்படவில்லை. இருபத்தேழாம் நாள் கடிதம் வந்தது. ஆறு பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 12 ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பழுதாகிப்போனதாகச் சொல்லப்பட்ட ஏடு, மூலை மடிப்புகூட இல்லாமல் தெளிவாகப் படியெடுக்கப்பட்டிருந்தது. இந்த ஐந்து மாதத்தில் கொடுத்த பணத்துக்கு மிகுதியாகக் கிடைத்த சேவை எதுவென்றால் இந்த 22 ரூபாயைத்தான் சொல்வேன்.

இன்னொரு வழியை நான் காலம் கடந்து அறிந்தேன். ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. அடங்கல், சிட்டா முதலான கிராமக் கணக்குகள் அனைத்தையும் அன்று மேசைக்குக் கொண்டுவந்து தணிக்கைக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் நாள் குறித்திருப்பார்கள். ஆண்டு முழுக்கப் பீரோவில் இருக்கிற ஏடுகளும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும், உத்தரவு போடக்கூடியவர்களும் ஒரே பந்தலின் கீழ் இருக்கிற நாள் அது ஒன்றுதான். பதிவேட்டுப் பிழை உள்ளவர்கள் அந்த நாளைத் தவறவிடக் கூடாது. பெயர்த் திருத்த மனுவை நான் அங்கேயே கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது, திருத்தம் இன்னும் வரவில்லை.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் நிலப் பதிவேட்டுத் தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு நட்சத்திரத்தைப் பழைய எண் தேடல் வருகிற நாளுக்காக வைத்துக்கொள்கிறேன். பதிவுத் துறைத் தளத்துக்கும் நான்கு. தனியார் மையத்துக்கு அரை, அதுவும் அந்த அச்சுத்தாள் நல்ல தாளாக இருந்ததற்கு. அலுவலகத் திண்ணைக்கு எத்தனை கொடுப்பது என்று தெரியவில்லை. அதற்கென்று ஒரு கட்டணமோ விண்ணப்பமோ இல்லை. தலையாரி அண்ணாச்சி அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரோடு காடு சுற்றினேன். அவர் புஞ்சையின் பெயரையும் பழைய எண்ணையும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாலையில் தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து எதிரே புதிய எண்ணை நிரப்பினேன். மூன்று நாளில் எண்பத்தாறு புஞ்சைகள் ஆயின. சிலவற்றில் அவர் சொன்னதும் பதிவேடும் ஒத்துப்போகவில்லை. அவற்றுக்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன். நகல் ஒன்றை எடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தேன். இது கணக்கில் சேராதே என்று தயங்கியவர், இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, பீரோவைத் திறந்து அ-பதிவேட்டின் மேலேயே அதை வைத்தார்.